நேரில் பார்த்து உறுதி செய்யப்பட்டது

எழுபதுகளின் தொடக்கத்தில் காரிமங்கலத்தில் ஒரு வங்கிக் கிளையில் இருந்தேன். அங்கே நான் ஒரே ஒரு வேலையில் மட்டும் புலி. தணிக்கை அதிகாரி எழுதிவிட்டுப் போகும் குறைகளுக்குப் பதில் எழுதுவது. எந்தக் குறையையும் நாற்காலியை விட்டு எழாமலே தீர்த்துவிடுவேன். கடனில் வாங்கிய மாட்டை யாரும் போய்ப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தால், ‘நேரில் பார்த்து உறுதி செய்யப்பட்டது’ என்று ஒரு வரி. அந்த மாடு கறுப்பா வெள்ளையா என்றுகூட எனக்குத் தெரியாது.

பக்கத்து மேசைக்காரர் எனக்கு நேர் எதிர். காசாளர் லீவு என்றால் அங்கே போய் உட்காருவார். கடன் பிரிவில் ஆள் இல்லை என்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிராமத்துக்குக் கிளம்பிவிடுவார்.

“எல்லாத்துலயும் கை வெச்சா எதுலயும் பேரு வராதுங்க சார். ஒன்னுல நில்லுங்க” என்று நான் பெரிய மனதோடு புத்தி சொல்வேன். அவர் சிரித்துக்கொண்டே சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விடுவார்.

என் பதில்களின் அழகில் மயங்கிய மேலிடம் என்னைத் தணிக்கைப் பிரிவுக்கே எடுத்துக்கொண்டது. பக்கத்து மேசைக்காரர் இண்டூர்ப் பக்கம் ஒரு கிளைக்கு மேலாளராகப் போனார். சில வருடம் கழித்து அந்தக் கிளைக்கே தணிக்கைக்குப் போய், வத்தல்மலையில் கடனில் வாங்கிய மாடுகளை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை என்று எழுதிவிட்டு வந்தேன். ஒரே மாதத்தில் பதில் வந்தது: ‘நேரில் பார்த்து உறுதி செய்யப்பட்டது.’

அது என் வரி. அதை எழுதுகிறவன் எங்கே உட்கார்ந்திருப்பான் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? பொய் என்று நிரூபித்தால் எனக்குப் பதவி உயர்வு நிச்சயம்; அவருக்கு மேலாளர் வேலை போய்விடும். சர்வீசில் முதல்முறையாக நாற்காலியை விட்டு எழுந்தேன். நாக்குத் தள்ள மலை ஏறினேன்.

மேலே, மாடு வாங்கிய விவசாயி எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “மேனேஜர் சாரு போன மாசமே வந்து பாத்துட்டுப் போனாருங்களே. மாட்டுக்குக் காலுல புண்ணுன்னு சொன்னதுக்கு, மறுக்கா வந்து மருந்து வேற குடுத்துட்டுப் போனாரு. நீங்க வேலைக்குப் புதுசுங்களா?”

“ஆமாங்க” என்றேன்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. நூறு தடவை எழுதிய அந்த வரி உண்மையாகவும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாடுகளைக் கண்ணால் பார்த்துவிட்டு இறங்கி வந்து, கோப்பின் அடியில் நானும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையால் அன்றைக்குத்தான் அது முதல்முறையாக உண்மையானது.