நானே பார்த்துக்கொண்ட லேப்டாப்

தெருவில் அவரை ‘நானே’ என்றுதான் சொல்வார்கள். எந்த வேலைக்கு யார் கைகொடுக்க வந்தாலும் “நானே பாத்துக்கறேன்” என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். அவர் பார்த்துக்கொண்ட வீட்டில் காலிங்பெல்லை அழுத்தினால் மணி அடிக்காது, கூடத்து ஃபேன் சுற்றும். சமையலறைக் குழாயைத் திறந்தால்தான் குளியலறையில் தண்ணீர் வரும். குடும்பமும் அதற்குப் பழகிவிட்டது.

மனைவி வேலை பார்த்த மருந்துக்கடையை மூடிவிட்டார்கள். அவள் சம்பளம் நின்றதில் வீடு ஆட்டம் கண்டிருந்தது. வேறொரு கம்பெனி லேப்டாப் வழியாக நேர்காணலுக்குக் கூப்பிட்டது. அந்த நேரம் பார்த்து லேப்டாப் படுத்துவிட்டது. ஆபரேட்டிங் சிஸ்டத்தையே புதிதாகப் போட வேண்டும்.

“அண்ணாவைக் கூப்பிடட்டுமா?” என்றாள். அண்ணன் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர்.

“அவர் எதுக்கு? நானே பாத்துக்கறேன்.”

சிடி வாங்கி வந்தார். வந்த பிறகுதான் லேப்டாப்பில் சிடி போட இடமே இல்லை என்று தெரிந்தது. அவர் நம்பவில்லை. எங்கேயாவது ஒளித்து வைத்திருப்பார்கள் என்று பக்கவாட்டு ஓட்டைகளை ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொன்றாக நெம்பிப் பார்த்தார். கடைசியில், மனைவி பாட்டுக் கேட்க அண்ணனிடம் வாங்கி வைத்திருந்த பென் டிரைவை எடுத்துக்கொண்டார். கேட்டு வாங்கியது மனைவி. ஆகவே அவர் கணக்கில் அது உதவியில் சேராது.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் சிடியைப் போட்டு, அதிலிருந்ததைப் பென் டிரைவில் ஏற்றி வந்து செருகினார். சும்மா ஓட்டிப் பார்க்கவா, இன்ஸ்டால் செய்யவா என்று திரை கேட்டது. எதையும் ஓட்டிப் பார்க்காமல் எடுக்கிற ஆளா அவர்? முதலாவதை அழுத்தினார். எல்லாம் பளிச்சென்று வந்தது.

“முடிஞ்சுது,” என்றார்.

எங்கே முடிந்தது? லேப்டாப்பில் எதுவும் ஏறவில்லை, எல்லாம் பென் டிரைவிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. அதை எடுத்தால் லேப்டாப் அப்படியே நின்றுபோனது. நெம்பியதில் ஓட்டை வேறு தளர்ந்து, பென் டிரைவ் தானாகவே நழுவியது. வேறு வழியில்லாமல் நேர்காணல் அன்று மேசைக்கடியில் உட்கார்ந்து, கையை மேலே நீட்டி, கட்டைவிரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

மேலே அவள் கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கீழே இவர் கை மரத்துக்கொண்டே வந்தது. விரல் நழுவினால் அவள் வேலை போச்சு.

அப்போது கூடத்து ஃபேன் சுற்றியது.

வந்தது மச்சான், பென் டிரைவைத் திரும்ப வாங்கிப் போக. தங்கையைப் பார்த்தார். மேசைக்கடியில் நீட்டியிருந்த கால்களைப் பார்த்தார். சத்தமில்லாமல் தவழ்ந்து வந்தார்.

“என்ன மாப்ள இது?” என்றார் மெதுவாக.

வழக்கமான வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

“மச்சான், கொஞ்சம் புடிங்க.”

மச்சான் பிடித்துக்கொண்டார்.

“உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா?” என்று திரையிலிருந்து கேட்டார்கள்.

“ரெண்டு பேர் இருக்காங்க. லேப்டாப்பைப் புடிச்சிட்டிருக்காங்க,” என்றாள் அவள், உள்ளதை உள்ளபடி.

என்ன நினைத்தார்களோ, திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

மச்சான் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். ஓரத்தில் ‘இன்ஸ்டால்’ என்ற பொத்தான் தொடப்படாமல் உட்கார்ந்திருந்தது.

“இதை அழுத்தவே இல்லையே மாப்ள. அழுத்தட்டுமா?”

மனைவி புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் மரத்த கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே ஃபேனைப் பார்த்தார்.

“அழுத்துங்க,” என்றார். “அப்படியே அந்தக் காலிங்பெல்லையும் என்னன்னு பாருங்க மச்சான்.”