ஜமீலா டாக்டரம்மா குடித்த மிச்ச டீ

திருவொற்றியூர் தேரடியில் பஸ் நின்றிருந்தது. கிளினிக் கம்பவுண்டர் இஸ்மாயில் படியில் ஏறி, "அண்ணே, டாக்டரம்மா நம்மள உட்டுட்டுப் பூட்டாங்கண்ணே" என்றார். விசிலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். "இன்னா மாமு, வண்டிய எடுக்கவா வேணாவா?" என்று டிரைவர் கத்திய பிறகுதான் ஊதினேன். அன்றைக்கு அழுதேன். இன்று எழுத உட்கார்ந்தால் சிரிப்பல்லவா முந்திக்கொண்டு வருகிறது! தண்டையார்பேட்டையில் ஜமீலா டாக்டரம்மாவிடம் நெஞ்சைக் காட்டிய உங்களுக்கெல்லாம் இது புரியும். திட்டு வாங்காமல் நம்மில் யார் வெளியே வந்தோம்?

என் மகள் பிறந்த சமயம். மாதக்கணக்கில் வறட்டு இருமல். எக்ஸ்ரே சுத்தம், சளியில் கிருமி இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லியும், "டிபியேதான்" என்று மாமியார் முடிவுகட்டிவிட்டார். மனைவியும் குழந்தையும் கொருக்குப்பேட்டையில், அவர் வீட்டில். நான் போனால் வாசலோடு சரி. "கோச்சிக்காதீங்க மாப்ள, கொழந்த பச்ச மண்ணு. தூர நின்னு பாத்துட்டுப் போங்க." டீ மட்டும் வரும், எனக்கென்று ஒதுக்கிய டம்ளரில். பெற்ற பிள்ளையைத் தொடாமல் திரும்பி நடக்கிற பாடு எந்தத் தகப்பனுக்கும் வேண்டாம்.

டாக்டரம்மா குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்தார். ஆஸ்துமாவும் இல்லை. "மணலி ஃபாக்டரிப் புகைதாம்மா காரணம்" என்றேன், பெரிய மேதாவி மாதிரி. "அத நானுந்தான் இழுத்துகினு கீறேன். உன் மூச்சுக்குழாய் மட்டும் இன்னாத்துக்குக் கோச்சிக்கிச்சு? கண்டுபுடிக்கலாம் இரு" என்றார். சளியை மறுபடி சோதனைக்கு அனுப்பினார். இந்த முறை தேடியது கிருமியை அல்ல. ஒவ்வாமையில் பெருகும் ஒருவகை வெள்ளணுக்கள் அதில் நிறைய இருந்தன. "உள்ள குழாய் வீங்கிக் கீது நைனா. இழுப்பு வராது, இருமல் மட்டும் வரும். யாருக்கும் ஒட்டாது" என்று சொல்லி, கேப்ஸ்யூல்களும் வாயில் வைத்து உறிஞ்சுகிற கருவியும் கொடுத்தனுப்பினார்.

இரண்டு வாரம் கழித்துப் போனேன். இருமல் இம்மியும் குறையவில்லை. "மருந்து போட்டியா?" "வேளை தவறாம டீயோட முழுங்குறேம்மா." கருவியில் போட்டு, உள்ளே இருக்கும் மருந்துப் பொடியை நெஞ்சுக்குள் இழுக்க வேண்டிய கேப்ஸ்யூல் அது! கருவியோ பீரோவில், பாலித்தீன் பையில் பத்திரமாக இருந்தது. அதை வெளியே எடுத்தால் அக்கம்பக்கத்தில் ஆஸ்துமாக்காரன் என்று சொல்லிவிடுவார்களே. "இருமல் வயித்துலயா வந்துச்சு நைனா?" என்று கேட்டு, மேஜையைத் தட்டிச் சிரித்தார். பிறகு, "காட்டிக் குடுக்காதது என் தப்பு" என்று தானே எழுந்து வந்து இழுக்கக் கற்றுக்கொடுத்தார். சில வாரங்களில் இருமல் பெரும்பாலும் அடங்கிவிட்டது. மாமியார்தான் அடங்கவில்லை.

"உன்னோட பெரிய பேஜாரு" என்று முனகிக்கொண்டே ஒரு நாள் டாக்டரம்மா என்னோடு ஆட்டோவில் கொருக்குப்பேட்டைக்கு வந்தார். டீ வந்தது. எனக்கு வழக்கமான டம்ளர், வாசலில். நான் பாதி குடித்ததும் டாக்டரம்மா அதைப் பிடுங்கி, மிச்சத்தை மடமடவென்று குடித்தார். மாமியார் வாயைப் பிளந்தார். "இன்னாம்மா பாக்குற? எனக்கு டிபி வந்தா நீயே வந்து ஊசி போடு. கொழந்தையக் குடு அவன்கிட்ட."

மாமியார் கொடுத்தார். என் மகளின் கனம் கைக்கு வந்த அதே நொடி, பாழாய்ப்போன இருமல் தொண்டையில் வந்து நின்றது. மூச்சை அடக்கினேன். கண்ணில் நீர் முட்டியது. டாக்டரம்மா பார்த்துவிட்டார். "இருமு நைனா. ஒண்ணும் ஆவாது."

இருமினேன். குழந்தை என் முகத்தைப் பார்த்துச் சிரித்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த 'ஒண்ணும் ஆவாது' என்ற பேச்சைத்தான். பஸ்ஸில் யாராவது இருமி, பக்கத்தில் இருப்பவர் எழுந்து நகர்ந்துவிட்டால், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அந்தக் காலி இடத்தில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.