முன்கேட் காருக்கு

தொழிலாளர் கேம்ப் பஸ் ஓட்டுகிறவனுக்கு அபுதாபியில் தெரியாத ரோடு கிடையாது; இறங்கி நிற்கத்தான் இடம் குறைவு. முசஃபா தொழிற்பேட்டையில் ஸ்டியரிங் பிடிக்கிற உங்களுக்கு இது புதிதல்ல. ருஸ்தம் சொன்ன கதையைச் சொல்லத்தான் தயங்கினேன். பல வருடங்களாக அதை நான் நம்பவில்லை. இப்போதும் முழுசாக நம்புகிறேனா என்றால், தெரியவில்லை.

முதல் நாள்

சுற்றுச்சுவர் வைத்த ஒரு வில்லா குடியிருப்புக்குத் தோட்டவேலை, ஏசி வேலை ஆட்களை ஏற்றிப்போகும் டியூட்டி. தெரியாமல் முன்வாசலுக்கே பஸ்ஸை விட்டுவிட்டேன். செக்யூரிட்டி ஓடிவந்தான். அவன்தான் ருஸ்தம், உஸ்பெகிஸ்தான்காரன், என் வயதுதான் இருக்கும், பேசுவது இங்கே வந்து பழகிய இந்தி. சுவரை முழுக்கச் சுற்றிக்கொண்டு பின்னால் போகச் சொன்னான். ஏன் என்று கேட்டேன்.

“முன்கேட் காருக்கு, பாய். ஆளுக்குப் பின்கேட்.”

ஒரே படிக்கட்டு

டியூட்டி முடிந்தால் ருஸ்தமும் என் பஸ்ஸில்தான் கேம்புக்கு வருவான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்வான். அவனுடையது பஞ்சாலை ஊர். சோவியத் காலத்தில் ஆலை மேனேஜரும், டாக்டரும், டிரைவரான இவன் அப்பாவும் ஒரே கட்டடத்தில், ஒரே படிக்கட்டில் ஏறி வீட்டுக்குப் போவார்களாம். பிள்ளைகளெல்லாம் ஒரே முற்றத்தில் விளையாடுவார்களாம்.

தெருப்பெயரைக் கேட்டே ஆள் யாரென்று கண்டுபிடிக்கிற ஊரில் பிறந்தவன் நான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பின்சீட்டிலிருந்த ஏசி மெக்கானிக், தூத்துக்குடி செல்வராஜ், சிரித்துவிட்டான்.

“அண்ணே, பொய்யா இருந்தாலும் நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் சொல்லச் சொல்லுங்க.”

மாரியப்பன்

ஒரு ஆகஸ்ட் முற்பகல், புல் வெட்டிக்கொண்டிருந்த தோட்டவேலை மாரியப்பன் சரிந்து விழுந்தான். ஒரு பக்கம் வாய் கோணிவிட்டது. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று ஃபோர்மேன் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஆஸ்பத்திரி ரோடு முன்கேட்டைத் தாண்டினால் வந்துவிடும். கேட்டில் ருஸ்தம். பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தான். வாக்கிடாக்கியில் கேட்டான். “பஸ் மாஃபி”, பஸ் கூடாது என்று மட்டும் பதில் வந்தது. அவன் தலைக்கு மேல் கேமரா இருந்தது. தடுப்புக்கட்டையின் பட்டன் கையருகில் இருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் பின்பக்கம் கைகாட்டினான். நானும் வண்டியைத் திருப்பினேன்.

மாரியப்பனுக்கு உயிர் தங்கியது. பேச்சும் வலது கையும் போயின. ஆஸ்பத்திரி வாசலில் அவனை வாங்கிக்கொண்ட நர்ஸ் நாகர்கோவில் பெண்.

“அண்ணாச்சி, இவ்வளவு நேரம் எங்க சுத்திட்டு இருந்தீங்க?”

லீவு முடிந்து

அதற்குப் பிறகு ருஸ்தம் பஸ்ஸில் பின்சீட்டுக்குப் போய்விட்டான். நானும் கூப்பிடவில்லை. ஊருக்குப் போய்வந்த பிறகுதான் மறுபடி முன்னால் வந்து உட்கார்ந்தான். ஆலை மூடியதும் விற்ற அந்தப் பழைய வீட்டை மகளுக்குக் காட்டக் கூட்டிப்போனானாம். இப்போது அங்கே பணக்காரர்கள் இருக்கிறார்களாம். இவன் அம்மா ஊருக்கு வெளியே ஒரு தகரக் கூரையின் கீழ் இருக்கிறாள்.

“முற்றத்தைச் சுத்திச் சுவர் வச்சுட்டாங்க, பாய். வாட்ச்மேன் வேலை என் தம்பிக்குத்தான் கிடைச்சிருக்கு.”

ஒரே படிக்கட்டில் வளர்ந்த இரண்டு பேரும் ஆளுக்கொரு நாட்டில் கேட் காக்கிறார்கள் என்றால், அந்தப் படிக்கட்டு இருந்ததென்றே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஆனாலும் கேட்டேன்:

“ருஸ்தம், உன்னையும் மகளையும் தம்பி எந்தக் கேட் வழியா உள்ளே விட்டான்?”