கொடுத்து இளைத்த நட்சத்திரம்

பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு ஒரகடத்தில் கார் சீட்டுக்கு போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தேன். வல்லக்கோட்டையிலிருந்து கம்பெனி பஸ். ஏறினால் தூக்கம், இறங்கினால் லைன். எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு எழுதியே தீருவேன் என்று ஊரெல்லாம் பீற்றியிருந்தேன். உடம்புதான் ஒத்துழைக்கவில்லை.

லைனில் எங்கள் ஸ்டேஷனில் ரெண்டு பேர். காரின் இடது கதவில் நான், வலது கதவில் சங்கரன்கோவில் பக்கத்து டிப்ளமோ பையன். ஆளுக்கொரு சீட், நாலு போல்ட். கார் நகர்ந்து தாண்டுவதற்குள் முடித்தாக வேண்டும். முதல் வாரமே எனக்கு நாக்கு தள்ளியது. அவன் தன் வேலையை முடித்துவிட்டு உள்ளே குனிந்து, என் சீட்டின் உள்பக்க போல்ட் ரெண்டையும் தன் பக்கத்திலிருந்தே முடுக்கிவிடுவான். எனக்குக் கை பழகும்வரை என்றுதான் ஆரம்பித்தது. பழகிய பிறகும் நான் நிறுத்தச் சொல்லவில்லை. மிச்சமான நொடிகளில் சட்டைப்பையிலிருந்த ஃபார்முலா தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் டீ பிரேக்கில் அந்தத் தாளைப் பிடுங்கினான்.

"என்னல இது, ரெண்டு முட்டய வரஞ்சு வச்சிருக்க?"

"ஜோடி நட்சத்திரம்டா. ஒண்ண ஒண்ணு சுத்தினே இருக்கும். பெருசா இருக்கறதுதான் சீக்கிரம் எரிஞ்சு கிழடாவணும். ஆனா அல்கோல்னு ஒரு ஜோடி கீது. அதுல எடை கம்மியானதுதான் கிழடு."

"அளந்தவன் தப்பா அளந்திருப்பான்."

"இல்லடா. மொதல்ல அதான் பெருசு. வயசாகி ஊதிச்சு. பக்கத்துல இருந்தது அதோட வாயுவ இழுத்துக்கிச்சு. வாங்கினது கொழுத்துப்போய் இளசாட்டம் மின்னுது, கொடுத்தது இளைச்சுப் போச்சு. இன்னிக்கு எடைய மட்டும் பாத்தா ஒண்ணும் வெளங்காது."

"நல்ல அட்டப்பூச்சி சகவாசம்லா இது!"

சிரித்துக்கொண்டே டீயைக் குடித்தான். கப் இடது கையில் இருந்தது. வலது மணிக்கட்டில் பேண்டேஜ் துணி சுற்றியிருந்தான். அன்றைக்குத்தான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு மட்டும் என்ன கிழித்தேன்? மறுபடி லைனில் போய் நின்றேன்.

அடுத்த வாரம் சூப்பர்வைசர் ஸ்டாப்வாட்சோடு வந்தார். எங்கள் ஸ்டேஷனில் ஒருத்தருக்குத்தான் பெர்மனன்ட். மற்றவன் மாசக் கடைசியில் கிளம்ப வேண்டியதுதான். அன்று அவரவர் போல்ட்டை அவரவரே முடுக்கினோம். ஆறு மாசமாகப் பாதி வேலை பார்த்த என் கை பறந்தது. அவன் ஒவ்வொரு காருக்கும் பிந்தினான்.

"நீ ஓகேபா. அவன் ஸ்லோ," என்றார்.

அன்று வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். மறுநாள் முடியவில்லை. போய்ச் சொன்னேன்.

"சார், ஆறு மாசமா என் போல்ட்டையும் அவன்தான் முடுக்கினான். கை போனதே அதனாலதான்."

"அத இப்ப வந்து சொல்றியா? வாட்ச்ல இன்னிக்கு டைம்தாம்பா தெரியும்." ஷிப்ட் சார்ட்டைப் புரட்டினார். "அவன் கை ஆறட்டும், பத்து நாள் லேபிள் ஒட்டட்டும். அப்பறம் ரெண்டு பேரையும் திரும்ப அளக்கறேன்."

விஷயம் தெரிந்ததும் அவன் கேன்டீனிலேயே என் சட்டையைப் பிடித்தான்.

"ஒன்ன எவம்ல பேசச் சொன்னான்? நீயாவது படிச்சு இங்கிருந்து போவேன்னு பாத்தா, கோட்டிக்காரன் மாதிரி இருந்த வேலையவும் கெடுத்துக்கிட்டு நிக்க!"

பத்து நாளும் வலது கதவில் புது ஆள். நாலு போல்ட்டும் நானே முடுக்கினேன். சாயங்காலம் விரல் மடங்காது. தாளைத் தொடவே இல்லை. திரும்ப அளந்தபோது அவன் என்னை முந்தினான்.

பெர்மனன்ட் லிஸ்டில் அவன் பேர் வந்தது. கேட்டில் மணிக்கட்டைக் காட்டினான். வீக்கம் வடியவே இல்லை. திரும்ப அளந்த அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கியிருக்கிறான்.

"பெர்மனன்ட்டுனா லீவு தருவானுவ. அப்பப் பாத்துக்கிடலாம்," என்றான்.

அவனுக்குத் திருப்பிக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. பஸ் வரும்வரை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.