மாமனாரின் விரலுக்குத் திறக்காத கதவு

அருள்புரத்தில் என் கணவர் பனியன் கம்பெனி நடத்துகிறார். எங்கள் வீட்டு வாசலில் எண்களை அழுத்தித் திறக்கும் ஸ்மார்ட் பூட்டு இருந்தது. அதன் ஆப் இனி வேலை செய்யாது என்று தகவல் வந்ததால், விரல் ரேகையில் திறக்கும் புதுப் பூட்டும் கேமரா வைத்த பெல்லும் வாங்கினோம்.

பொருத்த வந்தவர் எல்லோர் விரலையும் பதிவு செய்தார். சாயப்பட்டறையில் காலமெல்லாம் உழைத்துத் தேய்ந்த மாமனாரின் விரல் மட்டும் பதியவில்லை. "உடுங்க, அப்பா எங்க வெளிய போகப் போறாரு?" என்று கணவர் பொருத்த வந்தவரை அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் மாமனாரைத் தனியாக விட்டு, கேட்டையும் பூட்டிக்கொண்டு பொங்கலூரில் ஒரு விசேஷத்துக்குப் போனேன். உச்சி வெயிலில், காய்ந்த துணியை எடுக்க அவர் செருப்பில்லாமல் வெளியே வந்ததும் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. பெல்லை அழுத்தியிருக்கிறார். அது கம்பெனியில் இருந்த கணவரின் ஃபோனில் அடித்தது. திரையில் அப்பாவைப் பார்த்தவர், சும்மா அழுத்துகிறார் என்று சத்தத்தை நிறுத்திவிட்டார்.

நான் திரும்பியபோது மாமனார் படியில் சுருண்டு கிடந்தார். பாதமெல்லாம் கொப்புளம்.

"அவன் வேலையா இருந்திருப்பான் கண்ணு, ஒண்ணும் சொல்லாத," என்றார் ஆஸ்பத்திரியில்.

இப்போது எங்கள் கதவில் சாதாரணப் பூட்டுதான். மாமனாரிடம் ஒரு சாவி கொடுத்திருக்கிறேன். எந்தப் புதுச் சாதனம் வந்தாலும், அவர் இயக்கிப் பார்த்த பிறகே பொருத்தியவரை அனுப்புகிறேன்.

ஆனாலும் வாசலைத் தாண்டுமுன் மாமனார் நின்று, "வெளிய போயிட்டு வரட்டுங்களா?" என்று மகனிடம் கேட்கிறார். கணவர் ஃபோனிலிருந்து தலை நிமிராமல் "ம்" என்கிறார்.