தள்ளாமையை அளக்கப் போனோம்

ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தால் வயசு தெரிந்துவிடும். வயசான மனுசன் வாயைத் திறந்தால் பொய்தான் வரும், அந்தப் பொய்க்குள்ளிருந்து தள்ளாமையை அளந்து எடுப்பதுதான் எங்கள் தொழில்.

சுகாதாரத் துறையில் ஓய்வு வாங்கிய கையோடு கோவில்பட்டியில் ஒரு டிரஸ்ட்டில் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. தனியாக இருக்கும் வயசாளிகளைப் போய்ப் பார்க்க வேண்டும். 'இவரால் முடியாது' என்று நாங்கள் சொன்னால் மறுநாளே வெந்நீர் போட, கஞ்சி காய்ச்ச ஓர் ஆள் வரும். 'திடமாக இருக்கிறார்' என்றால் ஆள் கிடையாது. 'எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்' என்று பெரியவர்கள் சொல்வதை வீட்டில் தினமும் கேட்டுப் பல்லைக் கடிக்கிற உங்களுக்கு எங்கள் பாடு புரியும்.

விளாத்திகுளம் பக்கம் ஒரு ஊரில் மாடசாமி அண்ணாச்சி. மிளகாய் போட்டுப் பிழைத்தவர். மனைவி போனபின் ஒண்டிக்கட்டை. மணியாச்சியில் வாக்கப்பட்ட மகள் எங்கள் ஆபீசுக்கே வந்து அழுதாள். "அப்பா அடிக்கடி விழுதாவ சார். என் வீட்டுக்கும் வரமாட்டேங்காவ. ஒரு ஆளப் போட்டுக் குடுங்க." நர்ஸ் செல்வராணியின் டிவிஎஸ் 50-இல் பின்னால் தொற்றிக்கொண்டு கிளம்பினேன்.

புத்தி தெளிவா இருக்கா?

முதலில் ஞாபகசக்தி. "நம்ம நாட்டுப் பிரதமர் யாரு அண்ணாச்சி?" என்று கேட்டேன். தில்லியில் பிரதமர்கள் வத்தல் விலை மாதிரி மாறிக்கொண்டிருந்த காலம் அது. எனக்கே விடை நிச்சயமில்லை. மாடசாமி யோசித்தார். மோட்டுவளையைப் பார்த்தார்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் தெரியும் சார். இன்னைக்குப் பேப்பர் இன்னும் வரலியே!"

கைப்பிடி

அடுத்து, கையைப் பிடித்து அழுத்தச் சொன்னேன். அதற்குள் எதிர்வீட்டுச் சங்கையா கட்டிலை வாசலுக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். இருவருக்கும் ஒரே வயசு. இளவட்டத்திலிருந்தே யார் பெரியவன் என்ற போட்டி. "ஏலே மாடசாமி, கையப் பிடிக்கியா, தடவிக் குடுக்கியாலே?" என்று அங்கிருந்து குரல் வந்தது.

அவ்வளவுதான்! மாடசாமி பல்லைக் கடித்து ஒரு அழுத்து அழுத்தினார் பாருங்கள், என் கல்யாண மோதிரம் அன்றைக்கு முட்டை வடிவத்துக்கு வந்தது. இன்றுவரை கழலவில்லை. நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. செல்வராணி என் விரலை நீவிக்கொண்டே கேட்டாள்:

"சார், ஆளு இவியளுக்குப் போடணுமா, ஒங்களுக்கா?"

மழைக்கு மறுநாள்

கடைசியாக நடை. வாசலிலிருந்து அடிபம்பைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். முந்தின நாள் நல்ல மழை. நனைந்த கரிசலில் நடப்பது என்றால் ஒவ்வொரு அடிக்கும் பூமியை நாலு படி தூக்கிக்கொண்டு நடப்பது. விழுந்தால் பிடிக்கலாம் என்று நான் பின்னாலேயே போனேன். பாதி வழியில் ஒரு முழம் வளர்ந்திருந்தேன்! ஒரு செருப்பைக் கரிசல் விழுங்கியேவிட்டது.

"பாதிலேயே படுத்துருவாம் பாரு" என்றார் சங்கையா. மாடசாமி படுக்கவில்லை. பம்பைத் தொட்டார், திரும்பினார், வாசலில் வந்து நெஞ்சை நிமிர்த்தினார். தெரு விசில் அடித்தது. செல்வராணி என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். திடமான ஆசாமி, ஆள் கிடையாது. மகளுக்கு என்ன பதில் சொல்வது? மாடசாமிக்கோ அந்தக் கவலையே இல்லை.

"ஏலே சங்கையா, இன்னொரு தரம் போயிட்டு வரட்டுமாலே?"

செருப்பு தேடிப் போனது

கூட்டம் கலைந்தபின் செருப்பைத் தோண்டி எடுக்கப் போனேன். வீட்டுக்குள் ஏதோ உருண்ட சத்தம். எட்டிப் பார்த்தேன். மாடசாமி தரையில் விழுந்து கிடந்தார். கிடந்தபடியே அடுக்களைப் படியைத் தாண்ட, ஒரு காலை இரண்டு கையாலும் தூக்கி அந்தப் பக்கம் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டி நனைந்திருந்தது. அடுப்பில் பழைய சாம்பல். ஒரு தம்ளர் தண்ணீரில் பிஸ்கட் ஊறிக்கொண்டிருந்தது; அதுதான் சாப்பாடு போல. தூக்கி உட்கார வைத்தேன்.

"பாத்துட்டியளாக்கும். எனக்கு ஆளும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எதுத்த வீட்டான்கிட்ட மட்டும் சொல்லிராதீய சார்."

பரிவட்டம்

வாயை வைத்துப் பிழைத்தவன் நான். அன்றைக்கு அது எதற்காவது உதவட்டும் என்று தெருவின் நடுவில் நின்று கத்தினேன். "இந்தத் தாலுகாவிலேயே திடமான பெரியவர் மாடசாமி அண்ணாச்சிதான்! கோயில் கொடையில பரிவட்டம் கட்டுற மாதிரி எங்க டிரஸ்ட்ல இவியளுக்கு மரியாதை. நாளையிலிருந்து தினமும் ஓர் ஆள் வந்து வெந்நி ஊத்தி, சோறாக்கிப் போடுவாரு. கலெக்டருக்கே இது கிடையாது!" செல்வராணியின் காதில் முதலிலேயே விஷயத்தைப் போட்டிருந்தேன்; அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு 'ஆள் அவசரம்' என்று எழுதினாள்.

மாடசாமி சுவரைப் பிடித்தபடி வாசலில் நின்று என்னையே பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "மரியாதைய வேண்டாம்னு சொல்லப்படாது. வரச் சொல்லுங்க."

ஒரு வாரம் கழித்துப் போனோம். மாடசாமி தலையில் எண்ணெய் மினுங்க, கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் வண்டிச் சத்தம் கேட்டதும் எதிர்வீட்டிலிருந்து ஓர் உருவம் பாய்ந்தது. சங்கையா! வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு பம்புக்கும் வாசலுக்கும் ஓடினார், திரும்பவும் ஓடினார், இன்னொரு தரமும் ஓடினார், மூச்சிரைக்க வந்து எங்கள் முன்னால் நின்றார்.

"அவன் ஒரு தரம், நான் மூணு தரம்! எனக்கு வெந்நி ஊத்த ஆளு எப்ப வரும் சார்?"

முடியாதவர் நடந்து காட்டுவார், முடிந்தவர் ஓடிவந்து ஆள் கேட்பார். இரண்டு பேர் முன்னாலும் சிரிக்காமல் நின்றதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.