பெக்கோவா, பீக்கோவா?

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது இங்கிலீஷ் வார்த்தையைத் தப்பாக உச்சரித்தால் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும். குன்னூரில் இங்கிலீஷ் டீச்சராக இருப்பதால் வந்த வினை என்பாள் அம்மா. அப்படியெல்லாம் இல்லை, வியாதிதான் முதலில் வந்தது, வேலை அப்புறம்தான் கிடைத்தது. எனக்கு வந்த முதல் வரன் இதனாலேயே தட்டிப்போனது. மாப்பிள்ளையின் பெரியப்பா, "வர்ற வெட்னெஸ்டே நல்ல நாளுங்க, பேசி முடிச்சிரலாம்" என்றார். "வென்ஸ்டே" என்றேன். அவ்வளவுதான், எழுந்து போனவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

அதனால் இரண்டாவது வரன் வந்த அன்று காலையிலேயே அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்கு யாரு என்ன சொன்னாலும் சிரிச்சுட்டு உக்காந்திரு. திருத்துனீன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன், பார்த்துக்க."

அவள் சொல்ல வேண்டியதே இல்லை. இந்த வரன் தட்டிப்போகக் கூடாது என்று அவளைவிட எனக்குத்தான் தவிப்பு. பையன் கோயமுத்தூர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. போன் நம்பர் வாங்கி ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தோம். பேசினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. சண்டைதான் போட்டோம்! முதல் நாளே அவர் "ஆஃப்டன்" என்றார். "ஆஃபன்" என்றேன். "எழுதுன டி-யை எதுக்குங்க முழுங்கோணும்?" என்று கேட்டார். "அப்ப லிசன்ல இருக்கற டி-யையும் சொல்லுங்க பாக்கலாம்" என்றேன். "லிஸ்டன்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பிலேயே நான் விழுந்துவிட்டேன். மறுநாள் அகராதியிலிருந்து ஒலிப்பதிவை எடுத்து அனுப்பினார், நான் வேறொரு அகராதியிலிருந்து எடுத்து அனுப்பினேன். அப்பாடா, என்னோடு மல்லுக்கு நிற்க ஒருத்தர் கிடைத்துவிட்டார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் வீடு மஞ்சூரில், எஸ்டேட் குவார்ட்டர்ஸில். அப்பா அந்த எஸ்டேட் ஃபேக்டரியில் டீ மேக்கர். இலை வாடுவதிலிருந்து தூள் மூட்டையாவது வரை எல்லாம் அவர் பொறுப்பு. மத்தியானம் கார் வந்து நின்றது. அவரும் அவர் அம்மாவும் மட்டும்தான் வந்திருந்தார்கள். அவர் அப்பாவுக்கு மூட்டு வலி, மலையேற முடியவில்லையாம். கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றி வந்ததில் அந்த அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. நான் "வாங்க ஆன்ட்டி" என்று தண்ணீர் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்ததும் தெம்பாகிவிட்டார்.

"இங்கெல்லாம் வெஜிடேபிள் நல்லா ஃப்ரெஷ்ஷாக் கிடைக்குமுங்களா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

'டேபிள்' என்று அழுத்திச் சொன்னார். எனக்கு நாக்கு அரித்தது. அம்மாவின் கண் என் மேலேயே இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் மாப்பிள்ளை சும்மா இருக்கவில்லை. "வெஜ்டபிளும்மா" என்றார், மெதுவாகத்தான், ஆனால் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி. அந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டு முந்தானையைச் சரி செய்துகொண்டார். எனக்கோ உள்ளுக்குள் ஒரே குதி. ஆகா, இவர் என் ஜாதி!

அந்த நேரம் பார்த்து அப்பா டீத் தட்டோடு வந்தார். அன்று காலை ஃபேக்டரியில் எடுத்த புதுத் தூள், பால் சேர்க்காத டீ. எல்லோருக்கும் கப் கொடுத்தார். தானும் ஒன்றை எடுத்தார். ஃபேக்டரியில் அவர் நாக்கில் படாமல் ஒரு மூட்டை வெளியே போகாது. 'சர்ர்ர்'ரென்று வீடே அதிர உறிஞ்சுவார், வாயில் உருட்டுவார், துப்பிவிடுவார். வீட்டிலும் அதே பழக்கம்தான், அடுப்படித் தொட்டியில் போய்த் துப்புவார். அன்று அடுப்படி வழியை மறித்து விருந்தாளிகளின் நாற்காலிகள். பதற்றம் வேறு. உறிஞ்சினார், உருட்டினார், நேரே ஜன்னலுக்குப் போய் எட்டித் துப்பினார்!

அந்த அம்மாவின் கையில் கப் பாதி வழியில் நின்றது.

"தப்பா நெனைக்காதீங்க" என்றார் அப்பா. "வாயில வெச்சுத் துப்பாம நான் யாருக்கும் டீ குடுக்கறதில்லைங்க."

ஐயோ, சொல்லாமலாவது இருந்திருக்கலாம்! அந்த அம்மா கப்பைக் கீழே வைத்தே விட்டார். அப்பா சமாளிப்பதாக நினைத்துக்கொண்டு தூளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "இது நல்ல தரமுங்க. புரோக்கன் ஆரஞ்சு பெக்கோ. பெக்கோவுல என்னன்னா..."

"அங்கிள், அது பீக்கோ" என்றார் அவர்.

அப்பா வாயை மூடிக்கொண்டார். தன் வீட்டில், தன் தொழிலில், தன் கையால் செய்த தூளை வைத்துக்கொண்டு, அடுத்து என்ன பேசுவதென்று தெரியாமல் நின்றார். காது நுனி சிவந்துபோயிருந்தது.

அது பீக்கோதான். எனக்குத் தெரியாதா? நானே அப்பாவை எத்தனையோ தடவை திருத்தியிருக்கிறேன். அது வேறு, நான் அவர் மகள். வேறொருத்தர் அவர் வாயை அடைப்பதைப் பார்த்ததும் எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது.

"ஏனுங்க" என்று எழுந்தேன். "உங்க ஊட்ல நீங்க பீக்கோன்னே சொல்லிக்குங்க. எங்கப்பா முப்பது வருசமா பெக்கோன்னு சொல்லித்தான் அதைச் செய்யறாரு. குடிக்கறவங்களுக்கு ருசி கொறைஞ்சதில்ல. இந்த ஊட்ல அது பெக்கோதானுங்க!"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "ஸாரி அங்கிள்" என்று முணுமுணுத்தார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் பொசுங்கியிருக்க வேண்டும். அந்த அம்மா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

போச்சு! இதுவும் போச்சு, அதுவும் என் வாயாலேயே. எனக்கு அவரைப் பிடித்திருந்தது, அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது, காலம் பூராவும் அவரோடு சண்டை போட ஆசையாக இருந்தது.

ஜன்னல் திறந்தே இருந்தது. வீட்டுக்காரரிடம் போனில் பேசும் அந்த அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது. "ஏனுங்க, கேக்குதுங்களா? பொண்ணு நல்லாச் சண்டை போடுதுங்க. நம்ம பையன் வாயடைச்சுப் போயி உக்காந்திருக்கறான். அட, நம்ம பையனேதானுங்க!" சிரிப்பு தாங்காமல் அவருக்கு மூச்சு வாங்கியது.

உள்ளே வந்தவர் நேராக என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, என்ற மவன் நல்லவன். ஆனா நான் ஒரு வார்த்தை சொன்னா உடனே திருத்திருவான். பேங்க்குல, ஆஸ்பத்திரியில, நாலு பேரு முன்னால. இப்பெல்லாம் வெளிய போனா நான் பேசறதே இல்ல. எதுக்கு வம்புன்னு கம்முனு இருந்துக்கறேன்." மகன் தலை நிமிரவே இல்லை. அந்த அம்மாவும் அவன் பக்கம் திரும்பவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கப்பனுக்குப் போட்ட சண்டையை எனக்கும் போடுவியா?"

அதுவரை அவரை ஆன்ட்டி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த நான், "போடுவேனுங்க, அத்தை" என்றேன்.